நெற்குப்பையிலிருந்து வந்த நீலக் கடிதங்கள்

தெய்வானை ஆச்சிக்கு நான் முதன்முதலில் போன் செய்தது அவரைத் திட்டுவதற்காக. காலை ஆறரை மணி இருக்கும். அவருடைய நாவல் குப்பை, அதில் வரும் பெண்கள் எல்லாரும் மரப்பாச்சிகள், இனிமேல் அவர் எழுதவே கூடாது, எழுத வேண்டியதையெல்லாம் நானே எழுதிவிடப் போகிறேன் என்று இருபது நிமிடம் கத்தினேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் நகரத்தார் வீட்டுப் பெண்களை வயது பார்க்காமல் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று. எனக்கு நாற்பத்து நான்கு. நெற்குப்பையில் தம்பி கதிரேசன் வீட்டில் இருந்தார். மூன்று நாவல்கள் எழுதியிருந்தார். காரைக்குடியில் ஒரு புத்தக வெளியீட்டில் ஒரே ஒரு முறை பார்த்து, கூச்சத்தோடு நம்பர் வாங்கி வைத்திருந்தேன். அந்த நம்பரைத்தான் அப்படிப் பயன்படுத்தினேன்.

நான் ஜன்னத். ஊர் புதுவயல். என் வீட்டுக்காரர் சிக்கந்தர் அங்கே ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். மகள் அஃப்ரின் காரைக்குடியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பேன். மீதி நேரத்தில் கதை எழுதுவேன். சின்னப் பத்திரிகைகளில் பதினைந்து கதைகள் வந்திருந்தன.

நோய் எனக்குச் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தது. இதை யாரும் வெளியே சொல்வதில்லை. ஒரு நாள் இரண்டு மணி நேரத் தூக்கம் போதும் என்று ஆனது. பிறகு அதுவும் வேண்டாம் என்று ஆனது. நோட்டு நோட்டாக எழுதினேன். உலகத்தில் எல்லாமே ஒன்றோடொன்று பொருந்திவிட்டது போல, இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததை யாரோ எனக்கு மட்டும் திறந்து காட்டியது போல இருந்தது. அஃப்ரின்தான் முதலில் கண்டுகொண்டாள். "அம்மா, நீ எழுதினதை நீயே படிச்சுப் பாரும்மா" என்று ஒரு நோட்டை நீட்டினாள். பத்துப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம். அதற்கு முடிவும் இல்லை, பொருளும் இல்லை. நான் அவளை ஓங்கி அறைந்தேன். அவள் பிறந்ததிலிருந்து என் கை அவள் மேல் பட்டதில்லை.

அடுத்த வாரம், மில்லுக்கு நெல் ஏற்றி வரும் லாரிகளின் நம்பர் பிளேட்டில் எனக்குச் செய்தி வருவதாக நம்பினேன். நோட்டும் பேனாவுமாக நடுரோட்டில் நின்று எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரி என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, திட்ட வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கா நீங்க? வீட்டுல ஆள் இருக்காகளா?" என்று மெதுவாகக் கேட்டார். யாரோ ஓடிப்போய் மில்லில் சொல்ல, சிக்கந்தர் தவிட்டுத் தூசி படிந்த சட்டையோடு ஓடி வந்தார்.

"ஜன்னத்து, வா, வீட்டுக்குப் போவோம்."

"இன்னும் நாலு லாரி வரணும் மச்சான். அப்பத்தான் கணக்கு முடியும்."

அவர் என் பக்கத்தில் நின்றார். நாலு லாரி போகும்வரை வெயிலில் நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் மதுரைக்குக் கிளம்பினோம். "ஓதிப் பாத்தாச் சரியாப் போயிரும்டா, ஊருக்கு ஏன் தெரியணும்?" என்று என் மாமியார் அழுதார். "நீங்க ஓதுங்கம்மா. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாரோம். ரெண்டும் நடக்கட்டும்" என்றார் சிக்கந்தர்.

மனநல மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் மற்ற ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பேச்சு இருக்காது. உங்களுக்கு என்ன, எத்தனை நாளாக என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எனக்கு எதிரே ஒரு அம்மா, முப்பது வயது மகனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். அவன் சிரித்தபடியே இருந்தான். நான் மட்டும் எழுந்து நின்று எல்லாருக்கும் பிரசங்கம் செய்தேனாம். எனக்கு நினைவில்லை, பிறகு அஃப்ரின் சொன்னாள்.

டாக்டரம்மா நிதானமானவர். ரத்தம் எடுத்தார்கள், இதயத் துடிப்பைப் படம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். தைராய்டு கோளாறோ மூளையில் கட்டியோ இல்லை என்று தெரிந்த பிறகு பெயரைச் சொன்னார். இருமுனை மனநோய். மனம் ஒரு முனையில் தூக்கமின்றிப் பொங்கும்; மறு முனையில் எழுந்து பல் தேய்க்கவும் தெம்பில்லாமல் விழும். இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள் எல்லாரையும் போல இருக்கும். "உங்க மனைவி குணம் மாறிட்டாங்கன்னு நெனைக்காதீங்க. இது நோய். மருந்துக்குக் கட்டுப்படும்" என்று சிக்கந்தரிடம் சொன்னார்.

மருந்தின் பெயர் லித்தியம். அது ஒருவகை உப்பு. ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் குறைந்தால் பலன் இல்லை; கொஞ்சம் கூடினால் நஞ்சு. அதனால் அதைச் சாப்பிடுகிறவர்கள் சொன்ன தவணையில் ரத்தம் கொடுத்து அளவைப் பார்க்க வேண்டும். கூடவே சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பார்க்க வேண்டும். அதையெல்லாம் அன்றைக்குச் சிக்கந்தர்தான் கேட்டுக்கொண்டார். நான் டாக்டரம்மாவின் மேசையில் இருந்த சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வார்டில் சேர்த்ததும் என் கண்ணாடி வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். எதற்கு என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. போனையும் வாங்கி அஃப்ரினிடம் கொடுத்துவிட்டார்கள். பத்து நாளில் கொதிப்பு இறங்கியது. இறங்கியதும் நினைவு திரும்பியது. யார் யாருக்குப் போன் செய்தேன், என்னென்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் அவர் செத்த மனைவியைப் பற்றிப் பேசியிருந்தேன். டியூஷன் பிள்ளைகளின் தாய்மார்களிடம் அவர்கள் வீட்டு ரகசியங்களை அளந்திருந்தேன். நெற்குப்பைக்குப் பேசியதும் நினைவு வந்தது. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். சிக்கந்தர் வந்தபோதும் முகம் காட்டவில்லை.

"ஒனக்கு லெட்டர் வந்திருக்கு" என்றார் அவர்.

நீல நிற இன்லேண்டு. என் நம்பருக்குக் கூப்பிட்டு, அஃப்ரினிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டு முகவரிக்கு அனுப்பியிருந்தார் ஆச்சி. மருந்தினால் என் கை நடுங்கியது. கண்ணில் எழுத்துகள் கலங்கின. "நீங்களே படிங்க" என்றேன், போர்வைக்குள்ளிருந்து. என் கதை ஒன்றைக்கூட வாசிக்காத மனிதர். எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசித்தார்.

'அன்புள்ள ஜன்னத், நீ போனில் சொன்னதில் பாதி உண்மை. என் இரண்டாவது நாவலில் வரும் பெண்கள் மரப்பாச்சிகள்தான். மூன்றாவதில் அப்படி இல்லை, அதை மறுபடி படித்துப் பார். மன்னிப்புக் கேட்டு எழுதாதே. நான் உன்னைவிடப் பெரிய காரியம் செய்தவள். முப்பத்தோராவது வயதில் தேவகோட்டைப் பேருந்து நிலையத்தில் நின்று, வருகிற பஸ்ஸெல்லாம் எனக்குச் சொந்தம், எல்லாரும் இறங்குங்கள் என்று உத்தரவு போட்டேன். ஒரு பஸ்ஸில் நிஜமாகவே இறங்கிவிட்டார்கள். கட்டியவர் அதோடு என்னைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். உன் வீட்டுக்காரர் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். எனக்கும் இதே நோய்தான். இருபது வருடத்துக்கு மேலாக லித்தியம் சாப்பிடுகிறேன். என் மூன்று நாவல்களும் அதற்குப் பிறகு எழுதியவை. மாத்திரையை விடாதே.'

பஸ் கதை வந்த இடத்தில் சிக்கந்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதத்தில் அவர் சிரித்துக் கேட்டது அதுதான் முதல். வணக்கம் சொல்லியிருந்த இடத்தை மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்தார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அதன்பின் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவர் பஸ்ஸில் வரும்போது பெரும்பாலும் ஒரு கடிதம் இருக்கும். வீட்டுச் சாப்பாட்டை வைத்துவிட்டு முதலில் அதைத்தான் வாசிப்பார். பக்கத்துக் கட்டிலில் இருந்த கல்லூரி ஆசிரியையும் காது கொடுப்பார்.

மூன்றாவது வாரம் மனம் மறு முனைக்குச் சரிந்தது. உடம்பு ஊதியது. ஓயாமல் தாகம். தலைக்குள் ஈரத்துணியைத் திணித்தது போல இருந்தது. ஒரு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. இந்த மாத்திரை என் எழுத்தைத் தின்றுவிட்டது என்று முடிவு செய்தேன். நர்ஸ் கொடுக்கும் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, வாஷ்பேசினில் துப்ப ஆரம்பித்தேன். நான்கு நாள் யாருக்கும் தெரியாது. ஆச்சிக்கு மட்டும் கோணல் எழுத்தில் எழுதினேன். 'உங்களுக்குப் புரியும். எழுத முடியாத ஜன்னத்தாக இருப்பதற்குப் பைத்தியமாகவே இருக்கிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.'

பதில் நாலே வரி. 'மருத்துவமனை நம்பரைத் தேடிப் பிடித்து உன் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். என் மேல் கோபப்படு. எத்தனை வருடம் வேண்டுமானாலும் கோபப்படு. உயிரோடு இருந்து கோபப்படு. எழுத்து எங்கும் போகாது, அதற்குப் போக்கிடம் கிடையாது.'

அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே நர்ஸுகள் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பத்து நாள் அவருக்கு நான் எழுதவில்லை. அவர் எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். டியூஷனுக்கு வந்த பதினான்கு பிள்ளைகளில் ஒன்றும் திரும்பி வரவில்லை. தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத விதத்தில்தான் எல்லாம் தெரிந்தது. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். அஃப்ரின் கல்லூரியிலிருந்து வந்து என் தலையை அவள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு வகுப்பில் நடந்ததைச் சொல்வாள். நான் அறைந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை. ஒரு நாள் நான் அவள் கன்னத்தைத் தொட்டபோது, "அது நீ இல்லம்மா" என்றாள். நானும் சேர்ந்துதான் அடித்தேன் என்பது எனக்குத் தெரியும். அவளுக்காகத் தலையாட்டினேன்.

அந்த மாதங்களில் ஆச்சியின் கடிதங்கள் வாரம் ஒன்று தவறாமல் வந்தன. அவற்றில் தன் பழைய நோய் நாட்களைப் பற்றி நிறைய எழுதினார்.

'அப்போதெல்லாம் எனக்குக் குளிப்பது மலையேறுவது மாதிரி. ஒரு வாரம் குளிக்காமல் இருந்தேன். பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். இன்றைக்குக் கால் மட்டும். நாளைக்குக் கால், கை. நாலாம் நாள் தலைக்கு ஊற்றியபோது என் தம்பி வாசலில் நின்று கைதட்டினான்.'

'அப்போது சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். செத்துப்போனால் என்ன என்று தோன்றும். அப்படித் தோன்றும்போது அதை உடனே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நான் தம்பியிடம் சொன்னேன். அவன் அழுதான், பிறகு டாக்டருக்குப் போன் செய்தான். சொன்னதால் தோன்றியது பாதியாகக் குறைந்தது.'

இதைப் படித்த அன்றுதான் நானும் சிக்கந்தரிடம் சொன்னேன். பல வாரமாக எனக்குள் இருந்ததை, வரிக்கு வரி. அவர் அன்றே லீவு போட்டுவிட்டு என்னை மதுரைக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா மருந்தை மாற்றி அமைத்தார். அந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதை நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

மெல்ல மெல்ல எழுந்தேன். பால் காய்ச்சினேன். கடைக்குப் போனேன். ஆச்சி, 'ஒரு நாளைக்கு ஐந்து வரி எழுதி எனக்கு அனுப்பு. கதை வேண்டாம். காலையில் கண்ணில் பட்டது போதும்' என்று எழுதினார். அவிந்த நெல்லின் வாடை தெருவுக்குள் வருவதைப் பற்றி ஐந்து வரி எழுதி அனுப்பினேன். அதில் மூன்று வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! அன்றைக்கு மாலைக்குள் இருபது வரி எழுதிவிட்டேன்.

எட்டு மாதத்தில் ஒரு கதை முடிந்தது. நேரில் வந்து கொடுக்கிறேன் என்று எழுதினேன். 'இப்போது வராதே, வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது' என்றார். அடுத்த மாதம் கேட்டேன். 'உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள்' என்றார். புதுவயலிலிருந்து நெற்குப்பை எவ்வளவு தூரம்? போன் செய்தால் எடுப்பதில்லை. 'போனில் எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, எழுது' என்று கடிதம் வரும். அவர் எழுத்தும் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. கேட்டதற்குப் பேனா சரியில்லை என்றார். நோயாளியோடு கடிதத்தில் பழகலாம், வீட்டுக்குள் விட முடியாது என்று நினைக்கிறார் போல என்று மனசுக்குள் குமைந்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பைக்கில் ஒருவர் வந்து வாசலில் நின்றார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வரத் தயங்கினார்.

"ஜன்னத்துங்கறது நீங்கதானே? நான் கதிரேசன். தெய்வானை அக்கா தம்பி."

சிக்கந்தர் நாற்காலி எடுத்துப் போட்டார். கதிரேசன் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"அக்காவுக்குத் தெரியாம வந்திருக்கேன். தெரிஞ்சா என்னோட பேசாது. அக்காவுக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சுங்க. காரைக்குடியில வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். ஒண்ணே கால் வருசமாச்சு."

ஒன்றே கால் வருடம். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தொடங்கியிருக்கிறது. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றும் வேலையை, இயந்திரம் செய்வதுதான் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். படுத்திருக்க வேண்டும். ஒரு கையில் ஊசிகள் இருக்கும்.

"அங்க படுத்துக்கிட்டுத்தான் ஒங்களுக்கு எழுதும். நாந்தான் அட்டையப் பிடிச்சுக்குவேன்" என்றார் கதிரேசன்.

எனக்குச் சட்டென்று ஒரு நினைப்பு வந்து, எழுந்து போய்க் கடிதங்களை எடுத்து வந்தேன். குளியல் பற்றி எழுதியிருந்த கடிதத்தை அவரிடம் நீட்டினேன். "இது எப்ப நடந்தது? நீங்க வாசல்ல நின்னு கைதட்டுனீகளாமே?"

அவர் படித்தார். முடித்தும் தலையை நிமிர்த்தவில்லை.

"இது பழைய கதை இல்லங்க. இது போன கார்த்திகை. கிட்னிக்காக அந்த மாத்திரைய டாக்டர் நிறுத்துனாக. வேற குடுத்தாக. அது பிடிக்க நாளாச்சு. அக்கா ரொம்ப விழுந்துருச்சு. சாகணும் போல இருக்குன்னு எங்கிட்ட சொன்னதும் அப்பத்தான்."

என் கையில் இருந்த கடிதங்களைப் பார்த்தேன். 'அப்போதெல்லாம்', 'அந்த நாட்களில்', 'ஒரு காலத்தில்'. எல்லாம் அந்தந்த வாரம் நடந்தவை. அன்றைக்குக் காலையில் கால் மட்டும் கழுவிய பெண், முன்னொரு காலத்தில் கால் மட்டும் கழுவியதாக எழுதி, கடந்து வந்துவிட்டவர் போல என்னிடம் பேசியிருக்கிறார்.

"இப்ப ஏன் வந்து சொல்றீக?" என்று சிக்கந்தர் கேட்டார்.

"டாக்டர் கையை விரிச்சுட்டாக. இதயமும் ஒத்துழைக்கல. இவுக லெட்டர் வந்த அன்னைக்குத்தான் அக்கா ஒழுங்காச் சாப்பிடுது. நேர்ல பாத்தா..." ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காரைக்குடிக்குப் போனேன். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு இயந்திரம். ஓரத்துக் கட்டிலில் ஆச்சி. புத்தக வெளியீட்டில் பார்த்தவரில் பாதி இருந்தார். என்னைப் பார்த்ததும் கதிரேசனைத்தான் முதலில் முறைத்தார்.

"சொல்லிட்டியாடா?"

நான் அழக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டு போயிருந்தேன். எனக்கு வந்தது கோபம். "ஏன் ஆச்சி எங்கிட்ட மறைச்சீக? நான் என்ன பச்சப்புள்ளையா? அத்தனை லெட்டர்லயும் பொய்யா?"

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப?" குரல் மெலிந்திருந்தது, தெளிவாக இருந்தது. "லித்தியம் ஆச்சி கிட்னியத் தின்னுருச்சுன்னு மாத்திரையத் தூக்கி எறிஞ்சிருப்ப. வாயில ஒதுக்கித் துப்புனவதானே நீ? எழுதுறவ புத்தி எனக்குத் தெரியாதா? நமக்கு ஒரு சாக்குக் கெடச்சாப் போதும்."

அவர் சொன்னது உண்மை.

"இந்தா கேட்டுக்க. எனக்கு ஆனது நானாத் தேடிக்கிட்டது. அந்த வெயிட்டிங் ரூம்ல போய் ஒக்கார வெக்கம். பழைய சீட்டக் காட்டியே பதிமூணு வருசம் மாத்திரை வாங்கித் தின்னேன். ஒரு தடவ ரத்தம் குடுக்கல. நாவல் எழுதினவ, நாலு பேரு பாத்துருவாகளேன்னு. குடுத்திருந்தா முன்னாடியே கண்டுபிடிச்சு மாத்தியிருப்பாக. நீ குடுக்கிறியா?"

"மூணு மாசத்துக்கு ஒருக்க மச்சான் கூட்டிட்டுப் போயிருவாக."

"அப்ப சரி." கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "கதை கொண்டாந்தியா?" என்றார்.

வாசித்தேன். இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே, குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில். பக்கத்துக் கட்டில்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். முடித்ததும் ஆச்சி தூங்கிவிட்டார் என்று நினைத்துத் தாள்களை அடுக்கினேன்.

"நடுவுல ரெண்டு பக்கம் வேணாம். அந்த மாமியாரு அழுகறது. எடுத்துரு" என்றார் கண்ணைத் திறக்காமலே. "மத்தது நல்லாருக்கு. மரப்பாச்சி ஒண்ணுகூட இல்ல."

சிரித்தோம். கதிரேசனுக்கு எதற்கென்று புரியவில்லை.

அதன்பின் நான்கு முறை போனேன். ஐந்தாவது முறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கதிரேசன் போன் செய்தார். காலையில் காபி கேட்டிருக்கிறார். கொண்டு வருவதற்குள் போய்விட்டிருந்தார்.

சிக்கந்தரும் நானும் நெற்குப்பைக்குப் போனோம். மராமத்தும் நடந்திருக்கவில்லை, உறவுக்காரர்களும் அதுவரை வந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் வந்திருந்தார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில், "இவுக யாரு?" என்று ஒருவர் கேட்க, கதிரேசன், "அக்கா லெட்டர் எழுதுமே, அவுக" என்றார். அவர்கள் நகர்ந்து, தலைமாட்டில் எனக்கு இடம் விட்டார்கள். ஊசி ஏறி ஏறித் தடித்திருந்த அந்தக் கையைத் தொட்டேன். எனக்கு எழுதிய கை மற்றது. அதையும் தொட்டேன்.

அன்றிலிருந்து மூன்று நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் எல்லாரும் பயந்துபோனார்கள். நானும் பயந்தேன். நானே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். ஒரு மாத்திரையைக் கூட்டினார். தினமும் பேசச் சொன்னார். நான்காம் நாள் தூங்கினேன். துக்கம் வேறு, நோய் வேறு என்று டாக்டரம்மா சொன்னார். அழுவதற்குப் பயப்பட வேண்டாம் என்றார். அதனால் அழுதேன். இன்னும் அழுகிறேன். அவர் விழுந்து கிடந்த நாட்களில் அவருக்கு யார் எழுதினார்கள் என்று கேட்டுக்கொள்வேன். நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என் தலைவலி, என் தாகம், என் கதை, என் கோபம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதை எல்லாக் கடிதத்திலும் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன், கையெழுத்துக்கு முன்னால், வழக்கத்துக்காக.

அந்தக் கதை பத்திரிகையில் வந்துவிட்டது. இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டேன்.

போன வாரம் காரைக்குடி லேபில் ரத்தம் கொடுத்தேன். மாலையில் முடிவு வாங்கப் போனோம். சிக்கந்தர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, இப்போதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்ட வரியைத் தேடி விரல் வைத்தார். "கிட்னி நல்லாருக்கு. அளவுக்குள்ளதான் இருக்கு" என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். படியில் இறங்கியவள், பாதியில் நின்றுவிட்டேன்.

"என்ன?"

"யார்கிட்டயாச்சும் சொல்லணும் போல இருக்கு மச்சான்."

அவருக்குப் புரிந்தது.

"எங்கிட்ட சொல்லு."

"ஒங்களுக்குத்தான் தெரியுமே. நீங்கதானே படிச்சீக."

"இருந்தாலும் சொல்லு."

அவர் என் எதிரே வந்து, எனக்கு ஒரு படி கீழே நின்றார். ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார். எங்களைத் தாண்டி ஆட்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

"எனக்குக் கிட்னி நல்லாருக்காம்" என்றேன்.

"அப்படியா" என்றார் சிக்கந்தர்.